முதுகெலும்பில் கட்டி: சந்தேகத்திலிருந்து சிகிச்சை வரை

முதுகு வலி இல்லாத வீடு இருக்காது. பெரும்பாலும் அது தசைப்பிடிப்பாகவோ ஜவ்வு விலகலாகவோ தேய்மானமாகவோ இருக்கும். சில வாரங்களில் தணிந்தும் விடும். கட்டியால் வரும் வலி அதில் மிகச் சிறு பங்கு. ஆனால் அந்தச் சிறு பங்கில் சிக்கியவர்களுக்கு ஒரு விஷயம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நிற்கிறது. சிகிச்சை தொடங்கும் அன்று அவர் தன் காலால் நடந்து வந்தாரா, ஸ்ட்ரெச்சரில் வந்தாரா என்பதுதான் அது. நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பிறகும் நடக்கிறார்கள். கால்கள் முழுதாகச் செயலிழந்து இரண்டு நாள் கடந்து வந்தவர்களில் மிகச் சிலருக்கே நடை திரும்புகிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் என்ன செய்வது என்பதோடு, எவ்வளவு நேரத்துக்குள் செய்வது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டி எந்த அறையில் இருக்கிறது

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 முள்ளெலும்புகள். அவற்றுக்குக் கீழே ஒன்றாக இணைந்த சேக்ரம். நடுவில் உள்ள குழாய் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்தில் அது முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது நரம்புகளின் கொத்து மட்டுமே. தண்டுவடத்தைச் சுற்றி டியூரா என்ற உறை உண்டு. கட்டி அந்த உறைக்கு வெளியேயா, உறைக்குள்ளா, தண்டுவடத்துக்குள்ளேயேவா என்பதைத்தான் மருத்துவர் படத்தில் முதலில் தேடுவார்.

உறைக்கு வெளியே, எலும்பில் வருபவையே அதிகம். பெரியவர்களுக்கு இவை பெரும்பாலும் வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றுநோய்: மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் புற்றுநோயான மைலோமாவும், நிணநீர்ப் புற்றான லிம்போமாவும் இதே இடத்தில்தான் உட்காரும். உறைக்குள், தண்டுவடத்துக்கு வெளியே வருபவை பெரும்பாலும் மெனிஞ்சியோமா, ஷ்வானோமா. இவை மெதுவாக வளரும், புற்றுநோய் அல்லாத சாதாக் கட்டிகள். தண்டுவடத்துக்குள்ளேயே வரும் எபெண்டைமோமாவும் அஸ்ட்ரோசைட்டோமாவும் குறைவானவர்களையே பாதிக்கின்றன.

இங்கேயே ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். வேறு எதற்கோ எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘ஹீமாஞ்சியோமா’ என்று ஒரு வரி வந்து, வீடே தூக்கமில்லாமல் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. முள்ளெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் கூடி உருவாகும் இந்தச் சாதாக் கட்டி, தேடினால் பத்தில் ஒருவருக்காவது இருக்கும். எலும்பைவிட்டு வெளியே வந்து நரம்பை அழுத்தாதவரை இதற்கு மருந்தும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். சும்மா விட்டுவிடலாம்.

எந்த வலியைச் சந்தேகிப்பது

கட்டி வலி ஓய்வுக்குக் கட்டுப்படாது. ஜவ்வு வலி படுத்தால் பொதுவாகக் குறையும். கட்டி வலி படுத்த பிறகு கூடும், நள்ளிரவில் எழுப்பும். நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டவர்களை இந்தப் பிரிவில் அடிக்கடி பார்க்கலாம். இருமினாலும் தும்மினாலும் முக்கினாலும் வலி பாயும். நடு முதுகில் தொடங்கி விலா வழியாக முன்பக்கம் வரை பெல்ட் போட்டு இறுக்கியதுபோலச் சுற்றி வரும் வலியை விடவே கூடாது. பரவும் புற்றுநோய் அதிகம் உட்காருவது மார்புப் பகுதி எலும்பில்தான். சாதாரணத் தேய்மான வலியோ அங்கே அவ்வளவாக வருவதில்லை. இந்த வலியை வாயுத் தொல்லை என்றும் நெஞ்சு வலி என்றும் நினைத்து வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் இன்னொரு வலியும் இருக்கிறது. படுத்திருந்தால் ஒன்றுமில்லை, எழுந்து உட்கார்ந்ததும் உயிர் போகிறது என்பார்கள். கட்டி அரித்த எலும்பு உடம்பின் எடையைத் தாங்கவில்லை என்று இதற்குப் பொருள். இதைச் சரிசெய்ய மருந்தோ கதிர்வீச்சோ போதாது. எலும்புக்கு முட்டுக்கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு, பத்து வருடம் ஆகியிருந்தாலும், புதிதாக முதுகு வலி வந்தால் அது வேறு காரணம் என்று நிரூபிக்கப்படும்வரை கட்டி என்றே கருதுவது நல்லது. காரணமில்லாத எடைக் குறைவு, 20 வயதுக்குக் கீழோ 50 வயதுக்கு மேலோ புதிதாகத் தொடங்கிய வலி, ஆறு வாரம் கடந்தும் நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவையும் இதே கணக்கில் சேரும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு இரவில் முதுகு வலித்து, வலி மாத்திரை போட்டதும் ஒரு மணி நேரத்தில் அடங்கி, கூடவே முதுகு ஒரு பக்கம் வளைகிறது என்றால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்னஞ்சிறு சாதாக் கட்டியை நினைக்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான அதை எம்ஆர்ஐயைவிட மெல்லிய வெட்டுகளாக எடுத்த சிடி ஸ்கேன் நன்றாகக் காட்டும். ஊசி வழியாகச் சூடேற்றி அழித்துவிடலாம்.

நரம்பு நசுங்கத் தொடங்கியதை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியாமல் நடந்து போகிறாரா என்று கேளுங்கள். குளிக்கும்போது ஒரு காலில் வெந்நீரின் சூடு மட்டாகத் தெரிகிறதா, படி இறங்கும்போது முட்டி மடங்குகிறதா, இருட்டில் தடுமாறுகிறாரா, ஒரு நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து நடக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கட்டி கழுத்தில் என்றால் சட்டைப் பித்தான் போடுவதும் சோற்றைப் பிசைவதும் தடுமாறும். சிறுநீர் வர வெகு நேரம் ஆவது, அடிவயிறு உப்பி நின்று சொட்டுச் சொட்டாக வடிவது, கால் கழுவும்போது ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி குறைந்திருப்பது ஆகியவை கடைசி மணி.

இந்த நிலையில் சுளுக்கு எடுப்பது, எண்ணெய் போட்டு மிதிப்பது, இறுக்கக் கட்டுப் போடுவது, இடுப்பில் எடை கட்டி இழுப்பது எதுவும் கூடாது. அரித்துப்போன எலும்பு ஒரே அழுத்தத்தில் நொறுங்கித் தண்டுவடத்தில் குத்தும். காலையில் நடந்துகொண்டிருந்தவர் மாலையில் கால் அசைக்க முடியாமல் போவது இப்படித்தான்.

எத்தனை மணி நேரத்துக்குள்

கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் மலக் கோளாறு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் 24 மணி நேரத்துக்குள் முழு முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டும். புற்றுநோய் வரலாறு இருந்து வலி மட்டும் என்றால் ஒரு வாரம் வரை பொறுக்கலாம். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதலும் இதே கால வரம்பைத்தான் வைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும் என்று சனிக்கிழமை இரவைக் கடத்த வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைத்து, எம்ஆர்ஐயும் நரம்பியல் அறுவைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் இறங்கினால் அங்கிருந்து இன்னொரு இடம் மாறுவதற்குள் அரை நாள் போய்விடும்.

தூக்கும்போது ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்து மடக்கித் தூக்காதீர்கள். தலை, தோள், இடுப்பு, கால் நான்கும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து உருட்டி, பலகையில் மட்டமாகப் படுக்க வையுங்கள்.

படம் எடுப்பதில் நடக்கும் தவறுகள்

முதல் தவறு, எக்ஸ்ரேயை நம்பி உட்கார்ந்திருப்பது. எலும்பின் சத்து 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அது தெரியத் தொடங்கும். ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘கட்டி இல்லை’ என்ற பொருள் கிடையாது.

இரண்டாவது, வலிக்கும் இடத்தை மட்டும் எம்ஆர்ஐ எடுப்பது. இடுப்பு வலிக்கிறது என்று இடுப்பை மட்டும் எடுத்து, ‘ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது’ என்று ரிப்போர்ட் வாங்கி, மார்பு மட்டத்தில் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் போன நோயாளிகள் உண்டு. பரவும் புற்றுநோய் ஒரே நேரத்தில் பல எலும்புகளில் இருக்கலாம். சந்தேகம் கட்டி என்றால் கழுத்திலிருந்து சேக்ரம் வரை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். காடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி எடுத்த படமும் வேண்டும். உறைக்குள் இருக்கும் கட்டி அதில்தான் பளிச்சென்று தெரியும். அதற்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். சிறுநீரகம் மோசமாக இருப்பவர்களுக்கு மருந்தின் வகையை மாற்ற வேண்டியிருக்கும். பேஸ்மேக்கர், பழைய பிளேட், கண்ணில் இரும்புத் துகள் ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். வலியால் அது முடியாமல் பாதியில் எழுந்து, படம் வீணாவது சகஜம். ஆகவே வலி ஊசி போட்டுக்கொண்ட பிறகே உள்ளே அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது. சிடி தட்டிலோ பென்டிரைவிலோ முழுப் படத் தொகுப்பையும் கேட்டு வாங்குங்கள். அறுவை மருத்துவருக்கு வேண்டிய கோணம் ஃபிலிமில் இருக்காது.

எம்ஆர்ஐயோடு அந்த இடத்துக்கு ஒரு சிடி ஸ்கேனும் தேவைப்படும். எம்ஆர்ஐ நரம்பைக் காட்டும், சிடி எலும்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் காட்டும். இவற்றை வைத்து மருத்துவர்கள் 0 முதல் 18 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். இடம், வலியின் தன்மை, எலும்பு அரிந்த விதம், வளைவு, நொறுங்கிய அளவு, பின்பக்க இணைப்புகள் என ஆறு விஷயங்களைக் கூட்டி வரும் எண் அது. 6 வரை என்றால் எலும்பு தாங்கும். 7 முதல் 12 வரை சந்தேகம். 13 முதல் 18 வரை என்றால் தாங்காது. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

கட்டியா, டிபியா

நம் நாட்டில் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. முதுகெலும்பு டிபியும் எலும்பை அரிக்கும், எடையைக் குறைக்கும், காலைச் செயலிழக்கச் செய்யும். படத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. டிபி பொதுவாக அடுத்தடுத்த இரண்டு எலும்புகளையும் அவற்றுக்கு நடுவே உள்ள ஜவ்வையும் சேர்த்துத் தின்னும், பக்கத்தில் சீழ் கட்டும். புற்றுநோய் எலும்பைத் தின்னும், ஜவ்வை விட்டுவைக்கும். ஆனாலும் ஒரே எலும்பில் நிற்கும் டிபியும் உண்டு. படம் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ‘டிபி மருந்து கொடுத்துப் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் பயாப்சி’ என்று யாராவது சொன்னால், முதலில் பயாப்சி, அதாவது சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது, முடியுமா என்று கேளுங்கள். முதுகெலும்பு டிபிக்கு மருந்து பொதுவாக 12 மாதம். தவறான நோய்க்கு அதில் மூன்று மாதம் போனாலே கட்டிக்கு அது மிகப் பெரிய அவகாசம்.

பயாப்சி

பெரும்பாலும் சிடி ஸ்கேனில் பார்த்தபடி, பின்பக்கத்திலிருந்து எலும்பின் காம்பு வழியாக ஊசி செலுத்தி எடுப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் முன்பே சொல்ல வேண்டும். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார், தாமாக நிறுத்தக் கூடாது.

எடுத்த சதை எந்த டப்பாவில் போகிறது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பெரிய விஷயம். ஃபார்மலினில் போட்டது நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு. அதில் டிபி கிருமி வளர்க்க முடியாது. ஆகவே ஒரு பகுதி ஃபார்மலினிலும், இன்னொரு பகுதி சலைன் ஊற்றிய கிருமி நீக்கிய டப்பாவிலும் போக வேண்டும். இரண்டாவதிலிருந்துதான் டிபிக்கான சிபிநாட் பரிசோதனையும் கிருமி வளர்ப்பும் செய்வார்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால், சந்தேகம் தீராதபோது மறுபடி ஊசி குத்த வேண்டிவரும். டப்பாக்களைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் வேலை பல இடங்களில் குடும்பத்தார் கையில்தான் வருகிறது. எத்தனை டப்பா, எதில் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டி முதுகெலும்பிலேயே பிறந்த சர்கோமா, கார்டோமா போன்ற புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பின்னால் ஆபரேஷன் செய்யப் போகும் மருத்துவரைக் கேட்காமல் ஊசி குத்தவே கூடாது. இவற்றில் ஊசி போன பாதையையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். பாதை தவறான பக்கத்தில் இருந்தால் குணமாகும் வாய்ப்பே குறைந்துவிடும்.

பயாப்சி முடிந்ததும் ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துண்டு) பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான். மரபணுச் சோதனைக்கும் அதுவே தேவை.

ஊசியோடு நிறுத்தாமல், புற்று முதலில் எந்த உறுப்பில் தொடங்கியது என்றும் தேட வேண்டும். மார்பு, வயிறு சிடி ஸ்கேன் அல்லது உடம்பு முழுவதையும் பார்க்கும் பெட் சிடி ஸ்கேன், ஆண்களுக்குப் பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் இரத்தச் சோதனை, பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும், மைலோமாவுக்காகப் புரத எலக்ட்ரோபோரசிஸ், லைட் செயின் அளவு என்ற இரத்தச் சோதனைகளும் பார்ப்பார்கள். இரத்தக் கால்சியத்தை மறக்கக் கூடாது. எலும்பு கரைந்து கால்சியம் ஏறினால் தாகம், மலச்சிக்கல், குழப்பம், மயக்கம் வரும். ‘வயசாச்சு, உளறுகிறார்’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஊசி மருந்திலும் சலைனிலும் அது சீராகும்.

நரம்பு நசுங்கியிருந்தால் உடனே ஸ்டீராய்டு

எம்ஆர்ஐயில் தண்டுவடம் நசுங்கியிருப்பதும், கால் பலவீனமும் சேர்ந்து இருந்தால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உடனே தொடங்கப்படும். பரவலான வழக்கம் முதலில் 16 மி.கி., பிறகு நாளுக்கு 16 மி.கி. பிரித்துக் கொடுப்பது. கட்டியைச் சுற்றிய வீக்கம் வடிந்து நரம்புக்கு மூச்சு கிடைக்கும். இது சிகிச்சை வரும்வரை நேரம் வாங்கித் தரும் மருந்து மட்டுமே. கால் கொஞ்சம் தேறியதும் ‘மாத்திரையிலேயே சரியாகிவிட்டது’ என்று டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போனவர்கள் சில நாளில் இன்னும் மோசமாகத் திரும்பி வருகிறார்கள்.

சர்க்கரை நோயாளிக்கு இதில் சர்க்கரை 300, 400 என்று ஏறும். நாளுக்கு நான்கு முறை பார்த்து இன்சுலின் மாற்ற வேண்டும். வயிற்றுப் புண் தடுக்கும் மாத்திரை கூடவே வேண்டும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையை ஸ்டீராய்டோடு சேர்த்தால் இரத்த வாந்தி வரை போகும். ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு லிம்போமா. பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்கி, ஊசியில் நோயின் அடையாளமே சிக்காமல் போகலாம். வலி மட்டும் இருக்கும் நோயாளிக்கு லிம்போமா சந்தேகம் என்றால் ஊசி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவார்கள். கால் வேகமாக இழுத்துக்கொண்டு போகிறது என்றால் காலைக் காப்பதே முக்கியம்.

எந்தச் சிகிச்சை என்று எப்படி முடிவாகிறது

நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் முடிவு கிட்டத்தட்டத் தானாகவே வந்துவிடும். தண்டுவடம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது? இந்தக் கட்டி கதிர்வீச்சுக்குக் கரையுமா? எலும்பு எடையைத் தாங்குமா? நோயாளியின் உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா, நோய் மொத்தத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இந்த நான்கையும் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தால் அவரவர் கையில் உள்ள கருவியே பதிலாகிவிடும் ஆபத்து இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘மற்ற இரண்டு துறையும் பார்த்துவிட்டார்களா?’ என்பதுதான்.

லிம்போமா, மைலோமா, சிறு செல் நுரையீரல் புற்று ஆகியவை கதிர்வீச்சுக்கு வேகமாகக் கரையும். எலும்பு உறுதியாக இருந்தால் நசுங்கல் இருந்தாலும் ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்கலாம். மார்பகமும் புரோஸ்டேட்டும் நடுத்தரம். சிறுநீரகப் புற்று, மெலனோமா என்ற தோல் புற்று, சர்கோமா சாதாரண அளவுக் கதிர்வீச்சுக்கு அசையாது.

கதிர்வீச்சு எவ்வளவு? வலிக்கு மட்டும் என்றால் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஒரே தடவை போதும். மற்ற வழக்கங்கள் 5 நாளில் 20 கிரே, 10 நாளில் 30 கிரே. உடல் மிகத் தளர்ந்தவரைப் பத்து நாள் அலைக்கழிப்பதைவிட ஒரே நாளில் முடித்து வீட்டுக்கு அனுப்புவது பல நேரம் நல்ல முடிவு. இன்னொரு வகை, கட்டியை மட்டும் குறிவைத்து அதிக அளவைப் பாய்ச்சும் எஸ்பிஆர்டி. 2021ல் வெளிவந்த கனடா ஆய்வில், இரண்டு தடவையில் 24 கிரே கொடுத்தவர்களில் மூன்று மாதத்தில் வலி முழுதாக நீங்கியவர்கள் 35 சதவீதம். சாதாரணமாக 5 தடவையில் 20 கிரே பெற்றவர்களில் 14 சதவீதம். ஆனால் இதற்குக் கட்டிக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அசையாமல் படுக்க வேண்டும். பிறகு அந்த எலும்பு நொறுங்கும் அபாயமும் உண்டு.

கதிர்வீச்சுக்காகத் தோலில் வைத்த மை அடையாளத்தைத் தேய்த்துக் குளிக்காதீர்கள். முதல் ஓரிரு நாளில் வலி கொஞ்சம் கூடும். அதனால் பயந்து நடுவில் நிறுத்திவிட வேண்டாம். நிவாரணம் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். மார்பு மட்டத்தில் கொடுத்தால் விழுங்கும்போது எரியும், இடுப்பு மட்டத்தில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம்.

ஆபரேஷன்

தண்டுவடம் ஒரே இடத்தில் நசுங்கி, கட்டி கதிர்வீச்சுக்குக் கரையாத வகையாக இருந்து, நோயாளிக்குக் குறைந்தது மூன்று மாத ஆயுளை எதிர்பார்க்க முடிந்தால் ஆபரேஷனின் பயன் தெளிவு. 2005ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஆபரேஷனோடு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். முன்னவர்கள் நடந்த காலத்தின் நடு அளவு 122 நாள், பின்னவர்களுக்கு 13 நாள்.

எலும்பின் முன்பகுதி அரிந்திருக்கும்போது பின்பக்க வளைவை மட்டும் எடுத்து நரம்பை விடுவிப்பது பழைய முறை. மிச்சமிருந்த தாங்கலும் போய் முதுகு சரிந்துவிடும். இப்போது நரம்பை விடுவிப்பதோடு மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளில் டைட்டானியம் திருகும் கம்பியும் பொருத்துகிறார்கள். கட்டி முழுவதையும் சுரண்டி எடுக்க முயலாமல், தண்டுவடத்தைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் உண்டாக்கி, மீதியை எஸ்பிஆர்டியிடம் விடுவது பரவி வந்த புற்றுக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. இரத்த இழப்பும் குறைவு. சிறுநீரகம், தைராய்டிலிருந்து வந்த கட்டி என்றால் ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்பு அதன் இரத்தக் குழாயை ஆஞ்சியோ வழியாக அடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் திறந்தால் இரத்தம் நிற்காது. ஆபரேஷனுக்குப் பிறகு தையல் ஆற ஏறத்தாழ இரண்டு வாரம் விட்டே கதிர்வீச்சு தொடங்கும்.

கார்டோமா வேறு கதை. சேக்ரத்தில் மெதுவாக வளரும் இது கீமோவுக்குக் கரையாது. உடைக்காமல் முழுதாக எடுப்பதும், அதிக அளவுக் கதிர்வீச்சும்தான் வழி. அந்த அளவைப் பக்கத்து உறுப்புகளைச் சுடாமல் கொடுக்கப் புரோட்டான் கதிர் உதவும். சென்னையில் 2019 முதல் ஒரு புரோட்டான் மையம் இயங்குகிறது. எலும்பில் வரும் ஜயன்ட் செல் கட்டிக்கு டெனோசுமாப் ஊசி சுருக்கம் தரும்.

உறைக்குள் இருக்கும் கட்டி

மெனிஞ்சியோமா, ஷ்வானோமா என்றால் முழுதாக எடுத்தால் பெரும்பாலும் குணம். அறிகுறி இல்லாமல் தற்செயலாகக் கண்ட சின்னக் கட்டியை ஆறு மாதம், ஒரு வருடம் என்று எம்ஆர்ஐயில் கண்காணித்தாலே போதும். இளம் வயதில் ஷ்வானோமா பல இடங்களில் இருந்தால் பரம்பரை நோயா என்று காது கேட்கும் திறனும் மூளை எம்ஆர்ஐயும் பார்க்க வேண்டும். எபெண்டைமோமாவை நுண்ணோக்கியின் கீழ், நரம்பின் மின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் கருவியோடு எடுப்பார்கள். ஆபரேஷன் முடிந்த உடனே கால் தரையில் படுவது தெரியாமல் தடுமாறுவது வழக்கம். வாரங்கள் முதல் மாதங்களில் பெருமளவு தேறும். இதை முன்பே சொல்லாமல் விட்டால் குடும்பம் ஆபரேஷன் தோற்றுவிட்டதாக உடைந்துபோகும். தையல் வழியாகத் தெளிந்த நீர் கசிந்தாலோ, உட்கார்ந்தால் தலைவலி வந்து படுத்தால் போனாலோ உறையில் ஓட்டை இருக்கிறது, அன்றே சொல்லுங்கள்.

வார்டிலும் வீட்டிலும்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே கட்டையாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். ஒவ்வொரு முறையும் குதிகால், சேக்ரம், இடுப்புப் பக்க எலும்பு மூன்றையும் பாருங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் முதல் நாள். உணர்ச்சி இல்லாதவர் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், கண்தான் பார்க்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் இந்தக் காலில் வேண்டவே வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தம் உறைந்திருக்கிறது என்று நினைத்து உடனே காட்டுங்கள், பிடித்து விடாதீர்கள். சிறுநீர் டியூபை மாதக்கணக்கில் விட்டுவைப்பதைவிட, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்தி எடுத்துவிடக் கற்றுக்கொள்வது நல்லது.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் ‘கடைசிக் கட்டம்’ என்று அர்த்தமில்லை. சரியான அளவில் கொடுத்தால் அடிமையாவது அரிது, உட்காரவும் நடைப் பயிற்சி செய்யவும் உதவும். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2014ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. எலும்பை உறுதிப்படுத்தும் ஜோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி. தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கி, புண் ஆறிய பிறகே ஊசி. தொடங்கிய பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் உண்டு.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முன்அனுமதி கேட்கும்போதே அவசர நோயாளி என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். ஆனால் கால் பலவீனம் இருந்தால் அதை அதே நாளில், படங்கள் உள்ள சிடி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள்.

வீட்டில் ‘அவருக்குத் தெரிய வேண்டாம்’ என்று மறைப்பது வழக்கம். நோயின் பெயரை எப்போது சொல்வது என்பதைக் குடும்பம் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். ஆனால் எந்த அறிகுறி வந்தால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது நோயாளிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மறைக்கப்பட்டவர்கள், பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மரத்துப்போன காலை இரண்டு நாள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

எஸ்பிஆர்டிக்குப் பிறகு முதல் ஒன்றரை வருடம் வரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ. சாதாக் கட்டி எடுத்தவர்களுக்கு மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று. முதுகில் கம்பி இருப்பதை ஒவ்வொரு முறையும் ஸ்கேன் அறையில் சொல்லுங்கள். நிழல் விழாமல் எடுக்க அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த படம் மூன்று வாரம் தள்ளி இருக்கிறதே என்று புதிய வலியோடோ புதிய மரப்போடோ காத்திருக்க வேண்டாம். அன்றே போங்கள், பழைய படங்கள் உள்ள சிடி தட்டையும் எடுத்துக்கொண்டு.